கிரகணத்துக்கு நாலு மாசம் முந்தி

மாடசாமி: ...அதுக்காகத்தான் பாறூக் நானாவோட இந்த டீக்கடைக்கு ஃபோன் பண்ணி ஒன்னய வரச் சொன்னேன். கடுதாசியில எழுதுற விசயமில்ல.

விஜயலெட்சுமி: எட்டு வருசமா ஒரு வரி எழுதாத மனுசன். இப்ப மட்டும் எழுதிக் கிழிச்சிருவீங்களாக்கும்.

மாடசாமி: ஒனக்கு பஸ்ஸு எத்தன மணிக்கு?

விஜயலெட்சுமி: இப்பத்தான் வந்து ஒக்காந்தேன். அதுக்குள்ள பஸ்ஸக் கேக்குறீங்க.

மாடசாமி: இல்ல... மழ வர்ற மாதிரி இருக்கு. அதான்...

விஜயலெட்சுமி: பெரகலயில என்னைக்குங்க மழ வராத மாதிரி இருந்துச்சு? மொனராகலைக்குப் போயி அதக்கூட மறந்துட்டீங்க.

பாறூக்: யாரு இது! மப்ளரச் சுத்திக்கிட்டு வந்தா எனக்குத் தெரியாதாக்கும்? ஒத்தப்பல்லு மாடசாமிதானே!

மாடசாமி: ஆமா நானா.

பாறூக்: ஃபோன்ல கொரலக் கேட்டப்பவே நெனச்சேன். எங்க, சிரிங்க பாப்பம். நட்ட நடுவுல ஒன்னே ஒன்னு, ரோட்டோரத்து மைல்கல்லு மாதிரி. அதப் பாத்து எவ்வளவு காலம்!

மாடசாமி: குளிருது நானா. அப்புறம் சிரிக்கிறேன்.

பாறூக்: சரி சரி. ரெண்டு பேரும் சேந்து வந்திருக்கீங்க, நல்ல காரியம். ரெண்டு பிளேன் டீ, ரெண்டு வட. காசு வேணாம், இன்னைக்கு என் கணக்கு.

விஜயலெட்சுமி: சேரலிங்க நானா. ஒக்காந்திருக்கோம். அவ்வளவுதான்.

பாறூக்: ஆ... அப்ப டீ மட்டும் மொதல்ல கொண்டாறேன்.

மாடசாமி: அந்தாளு நல்ல மனசோட கேட்டாரு.

விஜயலெட்சுமி: நானும் நல்ல மனசோடதான் சொன்னேன்.

மாடசாமி: ...இளச்சிட்ட.

விஜயலெட்சுமி: நீங்க கறுத்துட்டீங்க. என்னா வேல அங்க?

மாடசாமி: கரும்புத் தோட்டத்துல காவல். யான வந்தா வெடி போடணும். பரண்லதான் படுக்க. சுத்தி ஒரு மனுசப் பய இல்ல. சில நாளு பேச ஆளில்லாம நானே கேள்வி கேட்டு நானே பதிலு சொல்லிக்குவேன்.

விஜயலெட்சுமி: யாருக்கிட்ட கேப்பீங்க?

மாடசாமி: ஒங்கிட்டதான்... நீ?

விஜயலெட்சுமி: அதே லயம், அதே காம்பரா. அத்தை போனதுக்கப்புறம் நானும் ரேடியோவும். விடிஞ்சா பேரு குடுக்கப் பெரட்டுக்குப் போறேன், கொழுந்து எடுக்குறேன், வந்து ஒரு கொத்து அரிசியில பாதியப் போட்டு வடிக்கிறேன். அதுலயும் மிஞ்சுது.

மாடசாமி: அம்மா செத்த சேதி எனக்கு ஒரு கெழம கழிச்சுத்தான் வந்துச்சு, லெச்சுமி.

விஜயலெட்சுமி: தெரியும்.

மாடசாமி: அதுக்கப்புறம் வந்து என்னா மொகத்த...

விஜயலெட்சுமி: அதான் தெரியும்னு சொல்றேன்ல. நான்தான் வாய்க்கரிசி போட்டேன். கடைசி ஆறு மாசம் படுத்த படுக்க. குளிப்பாட்டுனது, ஊட்டுனது எல்லாம் நான்தான். ஊட்டி விடையிலகூட, "கிரகணத்துல வெளிய போனவளே, என் பேத்திய முழுங்குனவளே"ன்னு சொல்லிக்கிட்டேதான் வாயத் தொறக்கும்.

மாடசாமி: கடைசி வரைக்குமா?

விஜயலெட்சுமி: கடைசி வாய்க் கஞ்சி வரைக்கும்.

மாடசாமி: அதப் பத்திப் பேசத்தான் வந்தேன்.

விஜயலெட்சுமி: அதப் பத்தியா? அதுல இன்னும் பேச என்னா இருக்கு? தீபாவளிக்கு மறுநாளு சூரிய கிரகணம். மாசமா இருக்கிறவ வெளிய போகக் கூடாது. நான் பீலிக்குத் தண்ணி எடுக்கப் போனேன். மாசியில புள்ள பொறந்துச்சு, நடு மொகத்துல ஒரே கண்ணோட. அர மணி நேரம் இருந்துட்டுப் போயிருச்சு. நீங்களும் பதினாறாம் நாளு பையத் தூக்கிக்கிட்டுப் போயிட்டீங்க. முடிஞ்ச கத.

மாடசாமி: நீ பீலிக்குப் போனதால இல்ல.

விஜயலெட்சுமி: என்னா?

மாடசாமி: புள்ள அப்படிப் பொறந்ததுக்கும் கிரகணத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. அதச் சொல்லத்தான் நாலு மணி நேரம் பஸ்ஸுல நின்னுக்கிட்டே வந்தேன்.

பாறூக்: இந்தாங்க டீ. சீனி கூடப் போட்டிருக்கேன். வட சூடா இருக்கு, ஊதிச் சாப்பிடுங்க.

மாடசாமி: வைங்க நானா.

விஜயலெட்சுமி: யாரு சொன்னா?

மாடசாமி: மொனராகலையில ஒரு டொக்டரம்மா. வதனின்னு பேரு. யாழ்ப்பாணத்து ஆளு. "உங்களுக்குப் பிள்ளையள் இருக்கினமோ?"ன்னு கேட்டுச்சு.

விஜயலெட்சுமி: அப்படியே பேசிக் காட்டுறீங்க! அவுங்களுக்கிட்ட எதுக்குப் போனீங்க? ஒடம்புக்கு என்னா?

மாடசாமி: ஒன்னுமில்ல. சும்மா... ஒரு வலி. அத உடு. கேளு மொதல்ல. இந்தா, டொக்டரம்மா துண்டுக் கடுதாசியில படம் போட்டுக் குடுத்திச்சு.

விஜயலெட்சுமி: என்னா இது, அரிசி மாதிரி?

மாடசாமி: கரு. மூனு நாலு வாரத்துக் கரு. நெசத்துல எள்ளு அளவுதான் இருக்குமாம். இந்தப் பக்கம் தலையாகப் போறது. மொதல்ல கண்ணு ரெண்டு கெடையாதாம், லெச்சுமி. எல்லாருக்குமே ஒன்னுதானாம்.

விஜயலெட்சுமி: எல்லாருக்குமா?

மாடசாமி: ஒனக்கு, எனக்கு, பாறூக் நானாவுக்கு, தொரைக்கு... எல்லாருக்கும். இந்தா நடுவுல தீட்டியிருக்கே, இதுதான் கண்ணாகப் போற எடம். ஒரே திட்டு. இதுக்கு அடியிலேர்ந்து ஒரு சேதி வரணும். வந்தாத்தான் நடுப்பக்கம் கண்ணாகாம நின்னு, பாதி அந்தப் பக்கம், பாதி இந்தப் பக்கம்னு பிரியும். மூளையும் அப்படித்தான் ரெண்டா வகுபடுமாம்.

விஜயலெட்சுமி: சேதின்னா? யாரு கொண்டு வருவா?

மாடசாமி: புரதமாம்.

விஜயலெட்சுமி: பருப்புல இருக்குன்னு கிளினிக்குல சொல்லுவாங்களே, அதா?

மாடசாமி: நானும் அதத்தான் கேட்டேன். டொக்டரம்மா சிரிச்சிருச்சு. ஒடம்புல ஆயிரம் தினுசு இருக்காம். இது சேதி சொல்றதுக்குன்னே இருக்குற தினுசாம். அதுக்குப் பேரு கேட்டா நீ சிரிப்ப.

விஜயலெட்சுமி: நான் சிரிச்சு நாளாச்சு. சொல்லுங்க.

மாடசாமி: முள்ளெலி.

விஜயலெட்சுமி: முள்ளம்பன்றியா?

மாடசாமி: அதில்ல. அது நம்ம நாட்டுல இல்லாத பிராணியாம், எலி மாதிரி. மொதல்ல ஈயிலதான் கண்டு புடிச்சாங்களாம். அந்தச் சேதி இல்லாத ஈப் புழு ஒடம்பு பூரா முள்ளா வந்துச்சாம். வெள்ளக்காரன் அந்தப் பேர வச்சிட்டான்.

விஜயலெட்சுமி: நம்ம புள்ளைய ஈயோட சேத்துப் பேசுறாங்களா?

மாடசாமி: எல்லாத்துக்கும் அதே சேதிதானாம். ஈ, கோழி, மாடு, மனுசன்... நான் எப்படி வெளங்கிக்கிட்டேன்னு சொல்லவா? காலையில பெரட்டுக் களத்துல எல்லாரும் ஒரே கும்பலா நிப்பாங்கள்ல?

விஜயலெட்சுமி: ஆமா.

மாடசாமி: கங்காணி நடுவுல நின்னு சத்தம் போடுவாரு. நீங்க மேமலைக்கு, நீங்க கீமலைக்குன்னு. அந்தச் சத்தம் கேட்டாத்தான் கும்பலு ரெண்டாப் பிரியும். கங்காணிக்குத் தொண்ட கட்டிப் போச்சுன்னா?

விஜயலெட்சுமி: அப்படியே நிக்கும்.

மாடசாமி: அப்படியேதான் நின்னுருச்சு. ஒரே கண்ணா... அழுவாத. கேளு. முக்கியமானது இனிமேதான். இந்தப் பிரிக்கிற வேல நடக்குறது கரு தங்கி இருபத்தெட்டு நாளுக்குள்ள. அதுக்குள்ள முடிஞ்சாச்சு. டொக்டரம்மா வெரல விட்டு எண்ணிச்சு. மாசியில பொறந்துச்சா, கரு தங்குனது வைகாசி. இந்த வேல ஆனியில பாதிக்குள்ள முடிஞ்சிருச்சு. நீ எப்ப வாந்தி எடுத்த?

விஜயலெட்சுமி: ஆடித் திருவிழாவுக்கு. தேரு வர்றப்ப.

மாடசாமி: பாத்தியா! புள்ள உண்டாயிருக்குன்னு ஒனக்குத் தெரியிறதுக்கு முந்தியே எல்லாம் முடிஞ்சி போச்சு. கிரகணம் ஐப்பசியில. நாலு மாசம் கழிச்சு வந்த கிரகணம், ஆனியில நடந்த வேலைய எப்படிக் கெடுக்கும்? நீ அன்னைக்குப் பீலிக்குப் போனா என்ன, நாள் பூரா வெயில்ல நின்னா என்ன... நீ ஒன்னும் செய்யல, லெச்சுமி. ஒம்மேல ஒரு குத்தமும் இல்ல. அது தெரியாமத்தான் நான் ஒன்னய...

விஜயலெட்சுமி: டீய குடிங்க. ஆறுது.

மாடசாமி: நான் என்னா சொல்றேன், நீ டீயப் பத்திப் பேசுற.

விஜயலெட்சுமி: கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன். ஒன்னு மட்டும் சொல்லுங்க. கங்காணிக்கு ஏன் தொண்ட கட்டுச்சு?

மாடசாமி: என்னா?

விஜயலெட்சுமி: அந்தச் சேதி ஏன் சரியா வரல? அத டொக்டரம்மா சொல்லலையா?

மாடசாமி: அது... அவுங்களுக்கும் தெரியாது. சில நேரம் சும்மாவே அப்படி ஆயிருமாம்.

விஜயலெட்சுமி: ஓ.

மாடசாமி: ஆமா.

பாறூக்: என்னா மாடசாமி, வடயக் கையிலயே வச்சு வேடிக்க காட்டுறீங்க? ஒங்க பல்லுக்கு என் வட கல்லாப் போச்சா?

மாடசாமி: பசியில்ல நானா.

பாறூக்: அப்ப கட்டித் தாறேன், பஸ்ஸுல தின்னுங்க. மூனரைக்கு மொனராகலை பஸ்ஸு. பஸ்ஸு வந்தா நான் சொல்றேன், பயப்படாம இருங்க.

விஜயலெட்சுமி: நானா, அங்க ஆளு கூப்புடுது.

பாறூக்: சரி சரி. எனக்கு வெளங்குது. போறேன்.

விஜயலெட்சுமி: மப்ளர எடுங்க.

மாடசாமி: குளிருதுன்னு...

விஜயலெட்சுமி: டீ குடிக்கக்கூட ஓரமாத் தூக்கிக் குடிக்கிறீங்க. "ச"ன்னு சொல்ற எடமெல்லாம் காத்துப் போகுது. வந்து ஒக்காந்த நேரத்துலேர்ந்து பாக்குறேன். எடுங்க.

மாடசாமி: ...எடுத்தாச்சு. பாத்துக்க.

விஜயலெட்சுமி: எங்க போச்சு?

மாடசாமி: புடுங்கியாச்சு.

விஜயலெட்சுமி: ஆடுச்சா?

மாடசாமி: ஆடல. நல்லாத்தான் இருந்துச்சு. ஓரத்துப் பல்லுதான் வலிச்சிச்சு. அதுக்குத்தான் பல்லு கிளினிக்குக்குப் போனேன். டொக்டரம்மா வாயத் தொறக்கச் சொல்லிட்டு, வலிக்கிற பல்லப் பாக்காம நடுப்பல்லையே பாத்துக்கிட்டு நின்னுச்சு. அதுக்கப்புறந்தான் புள்ள இருக்கான்னு கேட்டுச்சு. ஒன்னு பொறந்து செத்துப் போச்சுன்னேன். எப்படி இருந்துச்சுன்னு கேட்டுச்சு. சொன்னேன். அந்தம்மா ஸ்டூலு இழுத்துப் போட்டு எம்முன்னாடி ஒக்காந்துருச்சு, லெச்சுமி.

விஜயலெட்சுமி: என்னா சொன்னாங்க?

மாடசாமி: அந்தச் சேதிப் புரதத்த எப்படிச் செய்யிறதுன்னு ஒடம்புக்குள்ள எழுதி வச்சிருக்குமாம். அம்மாக்கிட்டேர்ந்து ஒன்னு, அப்பாக்கிட்டேர்ந்து ஒன்னு. எனக்கு அதுல ஒன்னு பழுதா இருக்கும்னு சொல்லுச்சு. ரத்தத்த வெளிநாட்டுக்கு அனுப்பிப் பாத்தாத்தான் நிச்சயம்... ஆனா அந்தப் பல்லப் பாத்தா அப்படித்தான் தெரியுதுன்னுச்சு. எனக்குப் பாதிச் சத்தந்தான். அந்தப் பாதிச் சத்தத்துல மூளையும் கண்ணும் எப்படியோ ரெண்டாயிருச்சு. முன்பல்லு ரெண்டாப் பிரியத்தான் பத்தல. அதே பழுது புள்ளைக்குப் போயிருக்கு. அதுக்குக் கண்ணுக்கே பத்தல.

விஜயலெட்சுமி: அதான் புடுங்கிட்டீங்களா?

மாடசாமி: அந்தம்மா வேணாம்னுதான் சொல்லுச்சு. நான் கேக்கல. வேற ஒருத்தன்கிட்டப் போயி புடுங்கிட்டேன். கண்ணாடியில அதப் பாக்க முடியல. ஊரே கேலி பண்ணி நானும் கூடச் சேந்து சிரிச்ச பல்லு... அதுதான் எம்புள்ளையக் கொன்னுருக்கு.

விஜயலெட்சுமி: பல்லு கொல்லுமா? பேச்சப் பாரு.

மாடசாமி: நீ என்னய ஏசு. அடி. இங்கயே, எல்லாரும் பாக்கட்டும். குத்தம் என் ஒடம்புல இருந்துச்சு. நான் ஒன்னய உட்டுட்டுப் போனேன். நான் போற வழியில எல்லாருக்கிட்டயும் சொல்லிக்கிட்டே போனேன், எம்பொண்டாட்டி கிரகணத்துல வெளிய போனவன்னு.

விஜயலெட்சுமி: தெரியும். அந்தப் பேச்சு வெலிமடைச் சந்தை வரைக்கும் வந்துச்சு.

மாடசாமி: ஏசு, லெச்சுமி.

விஜயலெட்சுமி: வலிச்சிச்சா?

மாடசாமி: எது?

விஜயலெட்சுமி: புடுங்கையில.

மாடசாமி: ...வலிச்சிச்சு.

விஜயலெட்சுமி: பொண்ணு பாக்க வந்தப்ப நீங்க சிரிக்கவே இல்ல. ஒங்க மாமா என்னமோ சொல்லி, வாய மீறிச் சிரிச்சிட்டீங்க. ஒடனே கையால மூடிக்கிட்டீங்க. அப்பத்தான் நான் சரின்னு சொன்னேன். அது தெரியுமா ஒங்களுக்கு?

மாடசாமி: பல்லப் பாத்தா?

விஜயலெட்சுமி: பல்லப் பாத்துத்தான்.

மாடசாமி: அய்யோ...

விஜயலெட்சுமி: இன்னொரு புள்ள பொறந்திருந்தா அதுக்கும் அப்படித்தானா?

மாடசாமி: கேட்டேன். பாதிக்குப் பாதி. பழுது போனாலும் போகும், போகாமலும் இருக்கும். போனாலும் எல்லாப் புள்ளைக்கும் அப்படி ஆகாதாம். சிலதுக்கு என்னய மாதிரி ஒத்தப் பல்லோட நின்னுரும். சிலதுக்கு அதுகூட இருக்காது.

விஜயலெட்சுமி: ஒத்தப் பல்லோட ஓடித் திரியிற புள்ள.

மாடசாமி: ம்.

விஜயலெட்சுமி: நீங்க அவ மொகத்தப் பாக்கவே இல்லயில்ல?

மாடசாமி: பாக்கல. துணியோட குடுத்தாங்க. துணியோடயே மண்ணுக்குள்ள வச்சேன். வெலக்கிப் பாக்கத் தைரியம் வரல. எட்டு வருசமா பரண்ல படுத்துக்கிட்டு அந்தத் துணியத்தான் வெலக்கப் பாக்குறேன். கையி வர மாட்டேங்குது... எப்படி இருந்தா?

விஜயலெட்சுமி: கையி ஒங்களது. வெரலு நீளம் நீளமா. தலையில முடி நெறைய. கண்ணத் தொறந்துச்சு.

மாடசாமி: தொறந்துச்சா?

விஜயலெட்சுமி: ஒரே ஒரு தடவ. பெரிய கண்ணு. நான் மொதல்ல பயந்தேன், பொய் சொல்லக் கூடாது. அப்புறம் பயப்படல. என்னத்தான் பாத்துச்சு.

மாடசாமி: எங்கிட்ட யாரும் சொல்லல.

விஜயலெட்சுமி: கேக்க நீங்க எங்க இருந்தீங்க?

மாடசாமி: கேக்க வேண்டியவன் நான்தான். ஒத்துக்கிறேன். ஆனா ஒன்னு யோசிச்சேன், வர்ற வழி பூரா. அந்தக் கிரகணத்தன்னைக்கு நான் வெலிமடையில கெழங்கு மூட்ட ஏத்திக்கிட்டு இருந்தேன், அம்மா தீபாவளிக்குப் போயி மாமா வீட்டுல இருந்துச்சு. லயமே கதவச் சாத்திக்கிட்டுக் கெடந்துச்சு. நீ பீலிக்குப் போனத ஒரு ஆளும் பாக்கல. நீயா வாயத் தொறந்து சொல்லாட்டி யாருக்குமே தெரிஞ்சிருக்காது. ஏன் சொன்ன? மறச்சிருக்கலாமே, லெச்சுமி. மறச்சிருந்தா நானும் போயிருக்க மாட்டேன்.

விஜயலெட்சுமி: புள்ள பொறந்தப்ப தோட்டத்து ஆஸ்பத்திரியில நீங்க எங்க நின்னீங்க, ஞாபகம் இருக்கா?

மாடசாமி: கதவுக்கு வெளிய. உள்ள உடல.

விஜயலெட்சுமி: கதவு சரியாச் சாத்தல. இடுக்குல ஒங்க காலு தெரிஞ்சிச்சு. அத்தை துணிய வெலக்கி மொகத்தப் பாத்துச்சு. பாத்துட்டு அப்படியே தரையில குந்திருச்சு. "என் மகனுக்கு நடுவுல ஒத்தப் பல்லு, இதுக்கு நடுவுல ஒத்தக் கண்ணு, என் வயித்துலேர்ந்துதான் வந்திருக்கு"ன்னு மொனகுச்சு.

மாடசாமி: அம்மாவா?

விஜயலெட்சுமி: ஆமா. படிக்காத கெழவி. ஒங்க டொக்டரம்மா எட்டு வருசம் கழிச்சுச் சொன்னத அன்னைக்கே சொல்லிருச்சு. எனக்கும் அப்பவே பட்டுருச்சு. இன்னொரு தடவ சத்தமாச் சொன்னா அது ஒங்க காதுல விழுந்துரும். விழுந்தா நீங்க தாங்க மாட்டீங்க. கயித்தத் தேடுவீங்க, இல்லாட்டி பூச்சி மருந்தக் குடிப்பீங்க. எனக்கு ஒங்களத் தெரியும்.

மாடசாமி: லெச்சுமி...

விஜயலெட்சுமி: அதான் வெளியில கேக்கட்டும்னு நானே சத்தம் போட்டுச் சொன்னேன், "கிரகணத்தன்னைக்குப் பீலிக்குப் போனேன் அத்தை, என்னாலதான்"னு. அத்தை அதக் கெட்டியாப் புடிச்சிக்கிட்டுச்சு. பாவம், அதுக்கும் புடிச்சிக்கிற ஒன்னு வேணுமில்ல.

மாடசாமி: அப்ப நீ... அன்னைக்குப் பீலிக்கு...

பாறூக்: மாடசாமி! பஸ்ஸு வளைவுல திரும்பிருச்சு! வடப் பார்சல மறந்துறாதீங்க!

மாடசாமி: சொல்லு, லெச்சுமி. அன்னைக்கு நீ வெளிய போகவே இல்லயா?

விஜயலெட்சுமி: ஜன்னலுக்குச் சாக்கு போட்டு, கதவத் தாழ்ப்பாப் போட்டு, வயித்துல கைய வச்சிக்கிட்டு உள்ளேயேதான் ஒக்காந்திருந்தேன். நீங்க ஒரு மாசம் மொகத்தத் திருப்பிக்கிட்டு இருப்பீங்க, அப்புறம் சரியாப் போயிரும்னு நெனச்சுத்தாங்க அப்படிச் சொன்னேன்.